நிற்கக் கற்றபின் ஓடட்டும்

கையில் ஒரு திருப்புளியும், கழற்றிப் பார்ப்பதற்கு ஏதேனும் ஒரு பழைய பொருளும் கிடைத்துவிட்டால் உணவையும் மறந்துவிடும் பிள்ளைகள் நம் குடும்பங்களில் பலர் உள்ளனர். வீட்டுக் கடிகாரத்தில் தொடங்கும் அவர்களது ஆராய்ச்சி மிதிவண்டிக்கும், பின்னர் தந்தையாரின் மோட்டார் சைக்கிளுக்கும் பரவுவதைப் பெற்றோர் அறிவர். இவ்வார்வம் கண்டிக்கத்தக்கதன்று, போற்றி வளர்க்கத்தக்கதே. ஆயினும் இயந்திரத்தின் வேகத்தைத் தன் கையாலேயே கூட்டிப் பார்க்கும் நிலையைப் பிள்ளை அடையும்போது, பெற்றோராகிய நாம் அருகில் நின்று சில செய்திகளைச் சொல்லித்தரக் கடமைப்பட்டுள்ளோம். ஆதலின் இத்திங்கள் நாம் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள், கரடுமுரடான தரையில் ஓடும் 'கோ-கார்ட்' என்னும் சிறு வண்டியை வீட்டிலேயே திருத்தி மேம்படுத்துவதைப் பற்றியதாகும்.

வண்டியின் பிறப்பு

இவ்வண்டி பிறந்ததே ஒரு வீட்டுப் பட்டறையில்தான். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், பந்தயக் கார்கள் செய்யும் நிறுவனம் ஒன்றில் பணியாற்றிய ஆர்ட் இங்கெல்ஸ் என்பவர், 1956ஆம் ஆண்டில் எஃகுக் குழாய்களைப் பற்றவைத்துச் சட்டம் அமைத்து, புல்வெட்டும் பொறிக்குப் பயன்படும் சுமார் 2.5 குதிரைத்திறன் கொண்ட சிறு எஞ்சினைப் பின்னால் பொருத்தி, தரையோடு தரையாக அமர்ந்து ஓட்டும் வண்டி ஒன்றை உருவாக்கினார். அடுத்த சில ஆண்டுகளிலேயே அது பெரியதொரு தொழிலாகவும் விளையாட்டாகவும் வளர்ந்துவிட்டது.

வழவழப்பான தார்த்தளத்தில் ஓடுவது ஒருவகை. மண்மேட்டிலும் வயல்வெளியிலும் ஓடுவதற்கென்று பெரிய சக்கரங்களும், தலைக்கு மேல் குழாய்க் கூண்டும் கொண்டது மற்றொரு வகை. அமெரிக்காவில் நிலபுலம் உள்ள குடும்பங்களில் தந்தையும் மக்களுமாகச் சேர்ந்து, இத்தகைய வண்டி ஒன்றைப் பழையதாக வாங்கி, ஓய்வு நாள்களில் வீட்டுக் கொட்டகையில் வைத்துத் திருத்துவது நெடுநாளைய வழக்கம். நம் நாட்டிலும் பொறியியல் கல்லூரி மாணவர்கள் தம் கையாலேயே இத்தகைய வண்டிகளைச் செய்து, மத்தியப் பிரதேசத்தில் இந்தூருக்கு அருகிலுள்ள பீதம்பூரில் 2007ஆம் ஆண்டு தொடங்கிய 'பாஹா' போட்டியில் ஓட்டி வந்துள்ளனர். நம் வாசகக் குடும்பங்களின் பிள்ளைகள் சிலரும் அவர்களுள் இருக்கக்கூடும்.

பிள்ளையின் முதல் விருப்பம்

வண்டி கைக்கு வந்ததும் பிள்ளை கேட்பது ஒன்றே: 'இதை இன்னும் வேகமாக ஓடச் செய்வது எப்படி?' அதற்கு விடை சொல்லும் படக்காட்சிகள் இன்று கைப்பேசியிலேயே கிடைக்கின்றன. எஞ்சினில் உள்ள 'கவர்னர்' என்னும் வேகக் கட்டுப்பாட்டை அகற்றிவிட்டால் போதும் என்பதே அவற்றுள் பலவும் சொல்லும் எளிய வழி. ஆனால் அவ்வழியின் விலை யாது என்பதைப் பிள்ளையோடு சேர்ந்து அமர்ந்து கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது.

இவ்வகை வண்டிகளில் பெரும்பாலும் பயன்படுவது, தண்ணீர் இறைக்கவும் மின்னாக்கியை ஓட்டவும் உதவும் பொதுப்பயன் பெட்ரோல் எஞ்சினே. எடுத்துக்காட்டாக, ஹோண்டா நிறுவனத்தின் ஜி.எக்ஸ்.200 என்பது 196 கன சென்டிமீட்டர் கொள்ளளவுடையது. இத்தகைய எஞ்சின்கள் நிமிடத்திற்கு ஏறத்தாழ 3,600 சுற்றுகளைக் கடவாதவாறு கவர்னர் காத்து நிற்கிறது.

எஞ்சினுடன் சுழலும் பற்சக்கரத்தில் 12 பற்களும், பின் அச்சின் பற்சக்கரத்தில் 72 பற்களும் இருப்பதாகக் கொள்வோம். எஞ்சின் ஆறு முறை சுழன்றால் சக்கரம் ஒருமுறை சுழலும். சக்கரத்தின் குறுக்களவு 18 அங்குலமாயின், 3,600 சுற்றில் வண்டியின் வேகம் மணிக்குச் சுமார் 52 கிலோமீட்டர். கவர்னரை அகற்றி 5,400 சுற்றுக்கு ஏற்றினால், அதுவே சுமார் 78 கிலோமீட்டராகும். வேகம் கூடியது ஒன்றரை மடங்கு. ஆனால் வண்டியை நிறுத்துவதற்குத் தேவையான தூரம் வேகத்தின் இருமடி வீதப்படி வளருமாதலின், அது 2.25 மடங்காகிவிடுகிறது. ஓரளவு நல்ல பிடிப்புள்ள மண்தரையில், நான்கு சக்கரங்களும் தடைபட்டு 26 மீட்டரில் நிற்கக்கூடிய வண்டி, இப்போது 59 மீட்டர் ஓடியே நிற்கும். ஓட்டுபவர் ஆபத்தைக் கண்டு காலை அழுத்துவதற்குள் கடக்கும் தூரம் இக்கணக்கில் சேரவில்லை.

இதனினும் கவனிக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. எஞ்சினின் பக்கத்தில் சுழலும் கனத்த வார்ப்பிரும்புச் சக்கரமாகிய ஃப்ளைவீலைப் பிளந்தெறிய முயலும் விசையும் அதே இருமடி வீதப்படியே கூடுகிறது. சுற்றுகள் ஒன்றரை மடங்கானால் அவ்விசையும் 2.25 மடங்காகிறது. அந்தச் சக்கரம் உடைந்து சிதறினால், அதன் துண்டுகளை மெல்லிய தகட்டு மூடி தடுத்து நிறுத்தும் என்று நம்புவதற்கில்லை. எஞ்சினோ ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னாலேயே இருக்கிறது.

ஆதலின் நாம் சொல்ல விரும்புவது இதுதான்: மேம்படுத்துவதற்கும் ஒரு வரிசை உண்டு. முதலில் நிற்கும் திறன். அடுத்துத் தாங்கும் திறன். பின்னர்க் காக்கும் மூடிகள். அதன்பின் ஏறும் திறன். இவையெல்லாம் முடிந்த பிறகே வேகம்.

நிற்கும் திறன்

விலை குறைந்த வண்டிகளில் பின் அச்சிலுள்ள உருளையைச் சுற்றி இறுகும் பட்டை பிரேக் ஒன்றே இருக்கும். சேறும் நீரும் பட்டால் அதன் பிடி தளர்ந்துவிடும். முதற்காசைச் செலவிட வேண்டிய இடம் இதுவே. பின் அச்சில் ஒரு தட்டைப் பொருத்தி, எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் டிஸ்க் பிரேக்கை அமைப்பது பெரியதொரு முன்னேற்றம். வண்டி நிற்கும்போது அதன் பாரம் முன்பக்கம் சாய்வதால் பின்சக்கரங்களின் பிடிப்பு குறைகிறது. ஆகவே வேகமாக ஓட்டக் கருதுவோர் முன்சக்கரங்களுக்கும் பிரேக் அமைத்தாக வேண்டும். பாஹா போட்டியின் விதிகள் நான்கு சக்கரங்களையும் ஒருங்கே நிறுத்தவல்ல பிரேக்கையும், ஒன்று பழுதுபட்டாலும் மற்றொன்று இயங்குமாறு இரு தனித்தனி எண்ணெய்ப் பாதைகளையும் கட்டாயமாக்கியுள்ளன.

பிரேக் எங்கே பொருத்தப்பட்டுள்ளது என்பதையும் பார்க்க வேண்டும். கிளட்சின் உருளையில் பிரேக் இருக்குமாயின், சங்கிலி அறுந்த கணமே பிரேக்கும் பயனற்றதாகும். சக்கரத்திலோ, சக்கரத்தோடு சுழலும் அச்சிலோதான் அது இருத்தல் வேண்டும்.

எஞ்சினை உடனே நிறுத்தும் பொத்தானும் இதனோடு சேர்ந்ததே. இவ்வகை எஞ்சின்களில் தீப்பொறிச் சுருளின் கம்பியை ஒரு பொத்தான் வழியாக இரும்புச் சட்டத்தோடு இணைத்துவிட்டால், அதை அழுத்தியதும் பொறி நின்று எஞ்சின் அடங்கும். ஓட்டுபவர் கைக்கு எட்டும் இடத்தில் ஒன்றும், வெளியே நிற்பவர் அழுத்தத்தக்க இடத்தில் ஒன்றுமாக இரண்டு வைப்பது நலம். முடுக்கியைத் திரும்ப இழுக்கும் ஸ்பிரிங்கும் இரண்டாக இருக்கட்டும். ஒன்று அறுந்தாலும் மற்றது காக்கும்.

தாங்கும் திறன்

மண்தரையில் ஓடும் வண்டியின் சட்டத்தில், பற்றவைத்த இடங்களை ஒட்டியே வெடிப்பு தோன்றுவது வழக்கம். எனவே வண்டியைத் திருத்தத் தொடங்குமுன் அழுக்கையும் வண்ணப்பூச்சையும் சுரண்டி, ஒவ்வோர் இணைப்பையும் பார்க்க வேண்டும். வெடித்த இடத்தின்மேல் மறுபடியும் உலோகத்தைப் பூசிவிட்டால் போதாது. வெடிப்பைத் தேய்த்துத் திறந்து, அடிவரை உருகிச் சேருமாறு பற்றவைத்து, தேவையானால் முக்கோணத் தகடு வைத்து வலுப்படுத்த வேண்டும். துத்தநாகம் பூசிய தண்ணீர்க் குழாயைச் சூடாக்கும்போது எழும் புகை காய்ச்சலை உண்டாக்கும். கூண்டு செய்வதற்கும் அக்குழாய் ஏற்றதன்று. பாஹா போட்டியில் முதன்மைக் கூண்டுக்கு வகுத்துள்ள அளவு, 25.4 மில்லிமீட்டர் குறுக்களவும் 3 மில்லிமீட்டர் கனமும் குறைந்தது 0.18 விழுக்காடு கரியும் உடைய எஃகுக் குழாய் ஆகும். பற்றவைப்பதில் தேர்ச்சியில்லாதோர் இவ்வேலையைத் தேர்ந்த தொழிலாளியிடம் ஒப்படைத்து, அருகில் நின்று கற்றுக்கொள்வதே அறிவுடைமை.

கூண்டும் இருக்கைப் பட்டையும் பிரிக்கவொண்ணாத இணை. கூண்டு இருந்து பட்டை இல்லையேல், வண்டி கவிழும்போது உடல் வெளியே வீசப்பட்டுக் கூண்டின் அடியிலேயே சிக்கும். பட்டை இருந்து கூண்டு இல்லையேல், கவிழ்ந்த வண்டியின் பாரம் முழுவதும் தலைமேல் விழும். தார்த்தளத்தில் ஓடும் பந்தயக் கார்ட்டுகளில் கூண்டும் பட்டையும் இரண்டுமே இல்லாதிருப்பது இதனாலேயே.

காக்கும் மூடிகள்

இப்பகுதியை நம் தாய்மார்கள் கவனமாகப் படிக்குமாறு வேண்டுகிறோம். 2018ஆம் ஆண்டு ஹரியானா மாநிலம் பிஞ்சோரில், கேளிக்கைப் பூங்கா ஒன்றில் கோ-கார்ட்டில் அமர்ந்து சென்ற இளம்பெண்ணின் கூந்தல் சக்கரத்தில் சிக்கி அவர் உயிரிழந்தார். 2020ஆம் ஆண்டு ஹைதராபாத்தை அடுத்த இடமொன்றில், பொறியியல் பயின்ற மாணவி ஒருவரும் அதேபோன்று கூந்தல் சிக்கி உயிர் துறந்தார். இவ்விரு உயிர்களையும் பறித்தது, பின்னால் மறைப்பின்றிச் சுழன்ற பகுதிகளில் முடி சிக்கியதேயாகும்.

ஆகவே சங்கிலி, பற்சக்கரங்கள், கிளட்ச், பின் அச்சு ஆகிய சுழலும் பகுதிகள் அனைத்தையும் விரலும் துணியும் நுழையாதவாறு தகட்டால் மூட வேண்டும். இருக்கைக்கும் எஞ்சினுக்கும் இடையே கனத்த தகட்டுத் தடுப்பு ஒன்று நிற்கட்டும். அறுந்த சங்கிலி சாட்டைபோல் முன்னோக்கி வீசினாலும் அது தடுக்கும். கூந்தலை இறுகக் கட்டித் தலைக்கவசத்துள் செருகியபின்னரே அமர வேண்டும். துப்பட்டா, சேலைத் தலைப்பு, தொங்கும் சங்கிலி, வேட்டி ஆகியவற்றுக்கு இவ்வண்டியில் இடமே இல்லை.

ஏறும் திறன்

மண்மேட்டில் ஓடும் வண்டிக்கு உண்மையில் வேண்டுவது ஏறும் வலிமையே. அதனைப் பெற எஞ்சினைத் தொட வேண்டியதில்லை. முன் சொன்ன கணக்கில் 12 பற்களுக்குப் பதிலாக 10 பற்கள் கொண்ட சிறு சக்கரத்தைப் பொருத்தினால், விகிதம் 6இலிருந்து 7.2 ஆகும். சக்கரத்தில் இழுவை ஐந்தில் ஒரு பங்கு கூடும். உச்ச வேகம் மணிக்குச் சுமார் 43 கிலோமீட்டராகக் குறையும். மேடு பள்ளமான நிலத்தில் இவ்வேகமே தாராளம். பெரிய டயர் போட்ட பின்பு வண்டி மேடேறத் திணறுகிறது என்று குறைசொல்வோர், டயரின் உயரம் விகிதத்தைக் குலைத்துவிட்டதை மறந்துவிடுகின்றனர்.

மேட்டில் மெதுவாக ஏறும்போது சாதாரண மையவிலக்குக் கிளட்ச் முழுமையாகப் பிடிக்காமல் வழுக்கி வழுக்கிச் சூடேறிக் கருகிவிடும். அதற்கு மாற்றாகப் பலர் பொருத்துவது, பெல்ட்டால் இயங்கித் தானாகவே விகிதத்தை மாற்றிக்கொள்ளும் அமைப்பாகும். அதனை அங்குள்ளோர் 'டார்க் கன்வெர்ட்டர்' என்கின்றனர். நம்மூர் ஸ்கூட்டர்களில் உள்ள பெல்ட் அமைப்பின் தத்துவமே அது. பரவலாக விற்கும் ஒரு வகையில் விகிதம் தொடக்கத்தில் ஏறத்தாழ 2.7 ஆகவும், வேகம் பிடித்தபின் 0.9 ஆகவும் இருக்கும். இறுதி விகிதம் ஒன்றுக்குக் கீழே இருப்பதால், மேடேறுவதற்கென்று இதைப் பொருத்தியவர் உச்ச வேகமும் பத்தில் ஒரு பங்களவு கூடிவிட்டதைக் காண்பார். பற்களைத் தேர்ந்தெடுக்கும்போதே இதனையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

சிறு வண்டிகளில் வரும் 35ஆம் எண் சங்கிலியின் கண்ணிகள் 9.5 மில்லிமீட்டர் இடைவெளி கொண்டவை. அதனிலும் வலியது 12.7 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள 420ஆம் எண் மோட்டார் சைக்கிள் சங்கிலி. சங்கிலியை மாற்றினால் இரு பற்சக்கரங்களையும் உடன் மாற்றியாக வேண்டும். எத்தகைய சங்கிலியாயினும் இரு பற்சக்கரங்களும் ஒரே நேர்கோட்டில் இல்லையேல் அது நிலைக்காது.

எஞ்சினும் கவர்னரும்

எஞ்சினில் செய்யத்தக்க நல்ல காரியங்கள் சிலவுண்டு. புழுதியில் ஓடுவதால், எண்ணெய் தோய்த்த நுரைப்பஞ்சு வடிகட்டி பொருத்தி அடிக்கடி கழுவலாம். காற்றுவடிகட்டியையும் புகைக்குழாயையும் தடையற்றதாக மாற்றினால், கார்புரேட்டரின் ஜெட்டையும் சற்றுப் பெரிதாக்க வேண்டும். இல்லையேல் பெட்ரோல் குறைந்த கலவை எரிந்து எஞ்சின் மிகையாகச் சூடேறும். இவ்வகை எஞ்சின்களில் எண்ணெயை உந்தும் பம்பு இல்லை. கனெக்டிங் ராடின் அடியிலுள்ள சிறு கரண்டியே எண்ணெயை வாரி இறைக்கிறது. 20 பாகைக்கு மேற்படச் சாய்த்து இயக்கினால் எண்ணெய் எட்டாமற் போகும். ஆதலின் எண்ணெயின் அளவை ஒவ்வொரு முறையும் பார்ப்பது எந்த மேம்பாட்டையும்விட மேலானது.

இனிக் கவர்னர். மேட்டிலிருந்து தாவும்போது சக்கரங்கள் தரையை விட்டு எழுகின்றன. அல்லது சங்கிலி அறுகிறது. அக்கணமே எஞ்சினின்மேல் இருந்த பாரம் மறைந்துவிடுகிறது. கவர்னர் இருந்தால் அது முடுக்கியைத் தானே மூடிவிடும். இல்லையேல் எஞ்சின் கட்டுக்கடங்காமல் சுழன்று, கனெக்டிங் ராட் முறியும். ஃப்ளைவீல் சிதறவும் கூடும். சமதளத்தில் ஓடுவதைக் காட்டிலும் மண்தரையில்தான் கவர்னர் இன்றியமையாதது என்பது இதனால் விளங்கும். முறையாகச் செய்வோர் அதனை அகற்றுமுன், முழுக் கட்டியில் கடைந்தெடுத்த ஃப்ளைவீலையும் கனெக்டிங் ராடையும், வலுவான வால்வு ஸ்பிரிங்குகளையும் வாங்கிப் பொருத்துகின்றனர். அத்தனைக்கும் ஆகும் செலவு, சில வேளைகளில் எஞ்சினின் விலையையே மிஞ்சிவிடும்.

பாஹா போட்டி 1976ஆம் ஆண்டு அமெரிக்காவின் தென் கரோலினாப் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. அதில் பல ஆண்டுகளாகப் போட்டியாளர் அனைவருக்கும் சுமார் 10 குதிரைத்திறன் கொண்ட ஒரே வகை எஞ்சினே வழங்கப்பட்டது. அதைத் திருத்தக்கூடாது, அதன் கவர்னரும் 3,800 சுற்றில் நிறுத்தி முத்திரையிடப்பட்டது. அப்படியிருந்தும் ஒரு வண்டி வென்றது, மற்றொன்று தோற்றது. சட்டத்தின் எடை, அதிர்வைத் தாங்கும் அமைப்பு, பற்களின் விகிதம், திருப்பத்தில் பணிந்து நடக்கும் தன்மை ஆகியவற்றில் மாணவர் செலுத்திய அறிவே வேறுபாட்டை உண்டாக்கிற்று. எஞ்சினைத் தொடாமலே கற்றுக்கொள்ள எத்துணை இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

பெற்றோர் செய்யத்தக்கவை

வேண்டாம் என்று ஒரே சொல்லில் தடுத்துவிடும் தந்தை, பிள்ளையை மறைவில் செய்யத் தூண்டுகிறார். எல்லாம் உன் விருப்பம் என்று விட்டுவிடும் தந்தையோ அதனினும் பெரிய தவறு செய்கிறார். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழியுண்டு: பட்டறையில் உடன் அமர்வது. முடுக்கி மிதியின் அடியில் ஒரு போல்ட்டை நிறுத்திவைத்து, மிதி எதுவரை இறங்கலாம் என்பதைத் தந்தையே அமைக்கலாம். பிள்ளையின் திறமை வளர வளர அப்போல்ட்டைச் சிறிது சிறிதாகத் தாழ்த்தலாம். எஞ்சினைக் கழற்றாமலே வேகத்தை அளவோடு கொடுக்கும் எளிய முறை இது.

ஒவ்வொரு நாளும் ஓட்டுவதற்கு முன் சக்கர நட்டுகள், ஸ்டீயரிங் மூட்டுகள், பிரேக், சங்கிலியின் தொய்வு, முடுக்கி திரும்பும் வேகம், எண்ணெய் ஆகிய ஆறையும் பிள்ளையே வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கட்டும். அடைத்த கொட்டகைக்குள் எஞ்சினை ஓடவிடலாகாது. மணமற்ற நச்சுப்புகை ஆளைக் கொன்றுவிடும். எஞ்சின் ஆறுமுன் பெட்ரோல் ஊற்றலாகாது. பதிவு பெறாத இவ்வண்டியைப் பொதுச்சாலையில் ஓட்டுவது 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி குற்றமாகும். சொந்த நிலமோ, இசைவு பெற்ற திடலோதான் அதற்குரிய இடம்.

பிரேக்கைச் செப்பனிட்டு, வெடிப்பைப் பற்றவைத்து, மூடிகளைத் தன் கையால் வெட்டிப் பொருத்தி முடிப்பதற்குள் பல மாதங்கள் ஓடிவிடும். அதற்குள் பிள்ளை வண்டியின் ஒவ்வொரு நட்டையும் அறிந்தவனாகியிருப்பான். எது எவ்வளவு தாங்கும் என்பதும் அவனுக்குத் தெரிந்திருக்கும். அதன்பின் வேகத்தைப் பற்றி அவன் கேட்கும் கேள்வியே வேறாக இருக்கும். அக்கேள்விக்கு அவனோடு சேர்ந்து விடை காணப் பெற்றோரும் அதற்குள் ஆயத்தமாகியிருப்பர்.